சான்றளிக்கப்பட்ட மூன்று மீட்டர்

எண்பத்து மூன்றாம் வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில், உள்ளூர்ப் பத்திரிகைகள் எல்லாம் நலிந்து கிடக்கின்றன என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. நலிந்தவற்றைக் கைதூக்கிவிட ஒரு வாரியம் அமைத்தார்கள். வட்டாரச் செய்தி வளர்ச்சி வாரியம் என்று பெயர். வாரியத்துக்குச் சென்னையில் மூன்று மாடிக் கட்டடம் கிடைத்தது, இரண்டு ஜீப் கிடைத்தது, ஒரு தலைவர் கிடைத்தார், தலைவருடைய அறைக்கு ஏசியும் கிடைத்தது. நலிந்த பத்திரிகை மட்டும்தான் கிடைக்கவில்லை. தாலுகாவுக்கு ஒருவராக அலுவலர்களைத் தேட அனுப்பினார்கள். பொன்னேரிப் பக்கம் வந்தவர் ராஜேந்திரன். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒன்றையாவது கண்டுபிடித்து ஊக்குவித்தாக வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்டிருந்த உத்தரவு.

பிப்ரவரி கடைசி வரை அலைந்து, ஷூ தேய்ந்து, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க ஒதுங்கிய இடத்தில் அவர் அதைப் பார்த்தார். டீக்கடைச் சுவரில் சோற்றுப் பசை போட்டு ஒட்டிய ஒரு தாள். கார்பன் வைத்துக் கையால் எழுதியது. மேலே ‘ஏரித்தாள்’ என்று பெயர்.

‘காலையில் வாடைக் காற்று. மத்தியானத்துக்கு மேல் திரும்பலாம். எறா வரத்து இல்லை. முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீர், தெற்கு ஓரமாகப் போகவும். எல்லம்மாவின் கறுப்பு ஆட்டைக் காணோம், இடது காது மடங்கியிருக்கும். பொன்னேரிக்குக் கடைசி பஸ் உண்டு என்று நேற்று எழுதியது தப்பு. நடந்து போனவர்கள் மன்னிக்கவும்.’

ராஜேந்திரன் அதை மூன்று முறை படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நலிந்த பத்திரிகையை அவர் எதிர்பார்க்கவே இல்லை.

டீக்கடைக்காரர் வழி சொல்ல, ராஜேந்திரன் கதவைத் தட்டியது ஜைனம்புவின் வீடு. ஜைனம்புவுக்கு நாற்பது வயது. எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்து அச்சுப் போலிருக்கும். அவள் புருஷன் பஷீர் விடியற்காலையில் எல்லாருக்கும் முந்திப் படகு எடுக்கிறவன். ஏரி கடலோடு சேருகிற வாயைத்தான் முகத்துவாரம் என்பார்கள். கோடையில் மணல் வந்து அதை அடைக்கும். அடைந்துவிட்டால் கடலிலிருந்து எறா, அதாவது இறால், உள்ளே வராது, ஏரியிலிருந்து படகு வெளியே போகாது, தெரியாமல் போகிற படகு மணலில் மோதி வாய் பிளக்கும். அதனால் தினமும் நாற்பது பேர் பஷீர் வீட்டு வாசலில் வந்து, ‘இன்னிக்கு எவ்ளோ தண்ணி’ என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஜைனம்பு ஒருநாள் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். அப்படியே காற்று, ஆடு, பஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. இப்போது தினம் பன்னிரண்டு தாள். ஒன்று மீன் ஏலக் கொட்டாய்க்கு, ஒன்று சர்ச் வாசலுக்கு, ஒன்று படகில் ஏறிச் சுண்ணாம்புக்குளத்துக்கு.

“ஆசிரியர் இருக்காராம்மா?” என்றார் ராஜேந்திரன்.

“எந்த ஸ்கூலு ஆசிரியரு சார்?”

“இந்தப் பத்திரிகையோட ஆசிரியர்.”

“அத்த நான்தான் எழுதறேன். இன்னா சார், எதுனா தப்பா எழுதிட்டேனா?”

ராஜேந்திரன் வாசலில் நின்றபடியே விளக்கினார். பத்திரிகை ஜனநாயகத்தின் தூண். தூணைத் தூண்பாட்டுக்கு விட்டுவிட்டால் சாய்ந்துவிடும். ஆகையால் அரசாங்கம் நாலு பக்கமும் முட்டுக் கொடுக்கப் போகிறது.

“நாலு பக்கமும் முட்டுக் குடுத்தா தூணு அப்பால அசையவே முடியாதே சார்.”

“அதுதாம்மா வேணும்” என்றார் அவர், மனம் நெகிழ்ந்து.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ஆறு பிரதி. அச்சகத்துக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டிருந்தது. ஜைனம்பு வீட்டில் இரண்டு ஜன்னல், அதில் ஒன்று பாதிதான் திறக்கும். ராஜேந்திரன் நேர்மையானவர், ஒன்றரை என்று எழுதினார். கடல் நிருபர் என்ற இடத்தில் பஷீரைப் போட்டார். விளையாட்டுப் பிரிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில் வெகுநேரம் பேனா நின்றது. கடைசியில் ஆட்டுச் செய்தியை விளையாட்டில் சேர்த்து எல்லம்மாவை விளையாட்டு நிருபர் ஆக்கினார். எல்லம்மா பக்கத்துத் தெருவில் கருவாடு விற்கிறவள். விஷயத்தைக் கேள்விப்பட்டதும், தனக்கு ஓடி விளையாடுகிற வயதா என்று வெட்கப்பட்டாள்.

எத்தனை பிரதி என்ற இடத்தில்தான் வம்பு வந்தது. பன்னிரண்டு என்றாள் ஜைனம்பு. ஐந்நூறுக்குக் குறைந்தால் ஊக்குவிக்க விதி இல்லை. பன்னிரண்டு தாள்தான், ஆனால் ஊரே நின்று படித்துவிட்டுப் போகிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“படிக்கிறதெல்லாம் கணக்குல வராதும்மா. ஐந்நூறு தாள் இருக்கணும், அவ்வளவுதான். தாள் இருந்துட்டா படிக்கிறவங்க இல்லாட்டியும் பரவாயில்லை.”

அவ்வளவு காகிதத்துக்கு எங்கே போவது என்று கேட்டாள். அதைத் தருவதற்குத்தானே வாரியமே இருக்கிறது என்றார் ராஜேந்திரன்.

காகிதம் பத்தாம் நாள் லாரியில் வந்தது. ஜைனம்பு இரண்டு குயர் வரும் என்று நினைத்து ஒரு பையோடு போய் நின்றாள். வந்தது ஒரே உருளை. பெரிய பத்திரிகைகள் ராட்சச யந்திரத்தில் மாட்டுகிற உருளை, நானூறு கிலோ எடை. காகிதத்தை உருளைக் கணக்கில்தான் ஒதுக்க முடியுமாம், தாள் கணக்கில் ஒதுக்கப் படிவம் இல்லையாம். லாரிக்காரர் பின்கதவைத் திறந்ததும் உருளை யாருக்கும் காத்திருக்காமல் தானே இறங்கிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரைக்குச் சரிவு. உருளை உருண்டது. உருள உருளப் பின்னால் காகிதம் விரிந்தது. பூக்காரி விலகினாள், பள்ளிவாசல் ஹஸ்ரத் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினார், கடைத்தெருவைத் தாண்டி, மீன் ஏலத்தைத் தாண்டி, கரையில் கவிழ்த்திருந்த ஒரு படகில் மோதி அது நின்றபோது, பஸ் ஸ்டாண்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு பாதை போட்டிருந்தது. பதினைந்து வருடமாக அந்தத் தெருவுக்குச் சாலை கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் இதையாவது போட்டார்களே என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தார்கள்.

சுருட்ட முடிந்த மட்டும் சுருட்டி ஏலக் கொட்டாயில் நிறுத்தினார்கள். சுருட்ட முடியாததைக் கருவாட்டுக்காரிகள் கிழித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ராஜேந்திரன் விதிப் புத்தகத்தோடு வந்தபோது, எல்லம்மா அரசாங்கக் காகிதத்தில் நெத்திலிக் கருவாடு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. செய்திக்காக ஒதுக்கிய காகிதத்தைச் செய்தி இல்லாமல் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். ஆசிரியர் என்ற முறையில் ஜைனம்பு உள்ளே போக வேண்டியிருக்கும் என்றார். ஜைனம்பு முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

எல்லம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. “அப்போ ஒரு செய்தி எழுதிட்டு மடிச்சா?” என்றாள்.

ராஜேந்திரன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பத்திரிகைக்குள் செய்தி இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. கருவாடு இருக்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை.

மறுநாளிலிருந்து எழுதத் தெரிந்த பெண்கள் எல்லாரும் ஏலக் கொட்டாயில் உட்கார்ந்து செய்தி எழுதினார்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒரு செய்தி. ‘இன்று வெயில்.’ ‘சாமுண்டீஸ்வரி மருமகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.’ ‘குளத்துமேட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, நேற்றும் வரவில்லை.’ எல்லம்மா ஆள் வைத்து, ‘இந்தக் கருவாடு இன்று காலைதான் காய்ந்தது’ என்று ஐம்பது தாளில் எழுதி வாங்கினாள். ஜைனம்பு அத்தனையையும் அடித்துவிட்டாள். அது காய்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஏரித்தாளில் பொய் வரக் கூடாது என்பதில் மட்டும் அவள் கறார். எல்லம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதுவும் ஒரு பொட்டலத்தில் செய்தியாக வந்தது.

பொட்டலங்கள் பொன்னேரி போயின, மீஞ்சூர் போயின, ரயிலேறிச் சென்னை போயின. நாளைக்கு எண்ணூறு. ஒரு வீட்டுக்காரம்மா மட்டும், ‘உப்பு அதிகம், மண்ணும் இருக்கிறது’ என்று கார்டு போட்டிருந்தாள். ராஜேந்திரன் அதை வாசகர் கடிதம் என்று கோப்பில் சேர்த்து, ‘பத்திரிகை மக்களிடையே விவாதத்தைக் கிளப்பியிருக்கிறது’ என்று குறிப்பு எழுதினார். மார்ச் முப்பதாம் தேதி ஏரித்தாள் முறைப்படி ஊக்குவிக்கப்பட்டது. ராஜேந்திரன் ஜைனம்புவுக்குச் சால்வை போட்டார். வெயிலில் அவள் அதைப் பிடித்துக்கொண்டு வேர்த்து நின்றாள்.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஐந்நூறுக்கு மேல் போகிற பத்திரிகை பொறுப்புள்ள பத்திரிகை. பொறுப்புள்ள பத்திரிகையில் தவறு வரக் கூடாது. ஆகையால் ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய அலுவலகத்துக்கு அனுப்பி, சான்று வாங்கி, அப்புறம் வெளியிட வேண்டும். அவசரச் செய்தி என்று சிவப்பு மையில் குறித்தால் இருபத்தொரு நாளில் சான்று வந்துவிடும்.

“காத்து இருவத்தோரு நாளு காத்துக்கினு இருக்குமா சார்?” என்று கேட்டாள் ஜைனம்பு.

காற்று என்ன செய்யும் என்பது வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றார் ராஜேந்திரன். செய்தி சரியாக இருந்தால் போதும்.

அந்த வாரம் எல்லம்மாவின் ஆடு மறுபடி காணாமல் போயிற்று. ஜைனம்பு சிவப்பு மையில் எழுதி அனுப்பினாள். ஆடு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. சான்று வந்தபோது அது இரண்டு குட்டி போட்டிருந்தது. ‘மேற்படி ஆடு காணாமல் போனது விசாரணையில் உறுதியாகிறது. மறு உத்தரவு வரும்வரை அது காணாமல் போனதாகவே கருதப்பட வேண்டும்’ என்று ஆடு மாடு சம்பந்தப்பட்ட அலுவலகம் எழுதியிருந்தது. எல்லம்மா பயந்துபோய் ஒரு வாரம் ஆட்டை வீட்டுக்குள் ஒளித்து வைத்தாள். குட்டிகளை வெளியே விடலாமா கூடாதா என்று கேட்டு ஜைனம்புவைப் பிய்த்து எடுத்தாள்.

இதையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது. ஏப்ரல் முதல் வாரத்துக் காற்றைக் கடைசி வாரத்தில் படித்தார்கள். ராபியா மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது. முகத்துவாரத்தில்தான் சிரிக்க முடியவில்லை.

முகத்துவாரத்துக்குச் சான்று கொடுக்க வேண்டியது நீர்வழி அளவை அலுவலகம். அங்கே இஞ்சினியர் மூர்த்தி என்று ஒருவர். அவர் ஒருவர்தான் மறுநாளே சான்று அனுப்பினார். எழுபத்திரண்டாம் வருடம் ஒருதரம் அளந்து டைப் அடித்து வைத்தது தயாராக இருந்ததுதான் காரணம். ‘முகத்துவாரத்தின் ஆழம் மூன்று மீட்டர்.’ அதற்கப்புறம் மண் தள்ளும் யந்திரம் கேட்டு ஊர் வருடந்தோறும் மனுப் போட்டது. மூன்று மீட்டர் ஆழமுள்ள இடத்தைத் தோண்ட விதியில்லை என்று பதினோரு வருடமாக ஒரே பதில் வந்தது.

பஷீர் கழியால் ஊன்றிப் பார்த்துவிட்டு வந்து முழங்கால் என்றான். சான்று மூன்று மீட்டர் என்றது. ஜைனம்பு இரண்டையும் எழுதிப் பார்த்தாள். ராஜேந்திரன் ஒன்றை அடிக்கச் சொன்னார், எதை என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அந்த வரியையே விட்டுவிட்டாள். சான்று பெற்ற செய்தியை வெளியிடாமல் மறைப்பதும் குற்றம் என்று மெமோ வந்தது. மூன்றாம் நாள் ‘மூன்று மீட்டர் (சான்றளிக்கப்பட்டது)’ என்று எழுதினாள். பழவேற்காட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், பழையபடி நாற்பது பேர் வாசலுக்கு வந்து பஷீரைக் கேட்டுக்கொண்டார்கள். சுண்ணாம்புக்குளத்துக்குத் தாள்தான் போயிற்று.

அந்தோணிசாமி சுண்ணாம்புக்குளத்துக்காரன். புதுப் படகு. விடிகிற நேரத்தில் பாயை விரித்துக்கொண்டு நேரே முகத்துவாரத்துக்கு வந்தான். படகு மணலில் மோதி அடிப்பலகை இரண்டாகப் போயிற்று, அவன் முன்னால் தெறித்து விழுந்து தோள் இறங்கிவிட்டது. தோளில் துணி கட்டிக்கொண்டு ஜைனம்பு வீட்டு வாசலுக்கு வந்தான். சண்டை போட வரவில்லை. அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

“ஏரித்தாள்ல போட்டிருந்தீங்களேக்கா” என்றான்.

ஜைனம்பு அன்று சோறு தின்னவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரியில் ராஜேந்திரன் தங்கியிருந்த அறைக்குப் போனாள். சால்வையை மடித்து மேஜைமேல் வைத்தாள். “வேணாம் சார். எனக்குப் பழையபடி பன்னெண்டு தாளே போறும். எங்க பேர அடிச்சிடுங்க” என்றாள்.

ராஜேந்திரனுக்கு அவள்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஊக்குவிப்பிலிருந்து விலக வழி இருக்கிறது என்று புத்தகத்தைக் காட்டினார். விலகலுக்கு விண்ணப்பிக்கும் பத்திரிகை, தொடர்ந்து மூன்று வருடம் ஊக்குவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

“அது வரைக்கும் எத்தினி படகு ஒடையும் சார்?”

அது படகு சம்பந்தப்பட்ட அலுவலகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அவளுக்கு ஒரு நல்ல சேதி வைத்திருப்பதாகச் சொன்னார். ‘நலிவு நீங்கிய பத்திரிகை’ என்ற விருது ஏரித்தாளுக்குத்தான். அமைச்சரே பழவேற்காட்டுக்கு வந்து தருகிறார்.

விழா சித்திரை கடைசியில். மேடை போட்டால் நிழல் வேண்டும், நிழல் போட்டால் டெண்டர் வேண்டும் என்பதால் விழாவை லாஞ்சில் வைத்துக்கொண்டார்கள். வேறொரு துறையின் லாஞ்சு. சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பித் தருவதாகத் தலைவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். ஏரியில் புறப்பட்டு, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய், அங்கே விருதைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது என்று நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருந்தார்கள்.

படித்துறையில் ஜைனம்பு ராஜேந்திரனை ஓரமாகக் கூப்பிட்டு, லாஞ்சு அங்கே போகாது, தரை தட்டும் என்று கெஞ்சினாள். அவர் சட்டைப் பையிலிருந்து அன்றைய ஏரித்தாளை எடுத்து விரித்துக் காட்டினார். “உங்க பத்திரிகையை நீங்களே நம்பலேன்னா எப்படிம்மா?” என்றார் வருத்தத்தோடு.

லாஞ்சில் அமைச்சர், தலைவர், மூர்த்தி, ராஜேந்திரன், நாலு புகைப்படக்காரர்கள், நடுவே மாலையோடு ஜைனம்பு. பஷீர் தன் படகில் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தான். வழியெல்லாம் தலைவர் பேசினார். ஏரித்தாளின் தனிச்சிறப்பு என்ன? அதில் வந்த எந்தச் செய்தியையும் பொய்யென்று இதுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. அப்படி நிரூபிப்பதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை என்பதையும் அவர் பெருமிதத்தோடு தெரிவித்துக்கொண்டார். எவன் வந்து எதிர்த்தாலும் இந்த வாரியம் ஓர் அங்குலம்கூட நகராது என்று அவர் கையை உயர்த்தியபோது லாஞ்சு நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையைக் கீழே வைப்பது போலப் பொத்தென்று உட்கார்ந்தது.

டிரைவர் எஞ்சினை உறுமவிட்டார். சேறு பறந்து நாலு புகைப்படக்காரர்களையும் நனைத்தது. மூர்த்தி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. பக்கத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதற்குக்கூட வயிறு நனையவில்லை.

“எவ்வளவு ஆழம்?” என்று அமைச்சர் மேலிருந்து கேட்டார்.

“மூன்று மீட்டர், ஐயா.”

“நீங்க நிக்கிறீங்களே?”

“நான் நிற்பது தற்காலிகம், ஐயா. ஆழம் நிரந்தரம்.”

அமைச்சர் கொஞ்ச நேரம் மூர்த்தியைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார். பிறகு ஜைனம்பு பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா என்றார். ஜைனம்பு ராஜேந்திரனைப் பார்த்துவிட்டு, சான்று வராமல் சொல்லலாமா என்று கேட்டாள். அவள் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். சொல் என்றார் அமைச்சர்.

“மொழங்காலு சார். ரெண்டு மாசமா மொழங்காலுதான். இப்ப வடியற நேரம், இன்னும் கொஞ்சம் போனா அதுவும் இருக்காது. அந்தோணிசாமின்னு ஒருத்தரு என் தாளை நம்பி வந்து தோள ஒடிச்சிக்கினாரு. அத்தக் கூட எழுத வுட மாட்டேன்றாங்க.”

அமைச்சரை இறக்கி ஏற்றிக்கொண்டு போகப் பஷீர் படகைக் கிட்டே கொண்டுவந்தான். ஆனால் தலைவர் லாஞ்சை விட்டு நகர மறுத்துவிட்டார். ஆறு மணிக்குள் திருப்பித் தராவிட்டால் அவர் கையெழுத்து என்ன ஆவது? அமைச்சரும் புகைப்படக்காரர்களைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி இறங்குவதில்லை என்று தீர்மானித்தார். மண் தள்ளும் யந்திரம் கொண்டுவாருங்கள் என்றார். மூர்த்தி முழங்கால் தண்ணீரில் நின்றபடியே, மூன்று மீட்டர் ஆழத்தில் தோண்ட விதியில்லை என்று நினைவூட்டினார். தோண்டப் போவது முகத்துவாரத்தை அல்ல, லாஞ்சைச் சூழ்ந்துள்ள மணலை என்று தலைவர் அங்கேயே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். பதினோரு வருடமாக வராத யந்திரம், தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கமாக மணலிலேயே உருண்டு, மூன்றே மணி நேரத்தில் வந்தது. ஒன்று கேட்டதற்கு இரண்டாக வந்தது.

அதற்குள் சேதி கேட்டு ஊரே மண்வெட்டியோடு வந்துவிட்டது. அமைச்சரைக் காப்பாற்ற இவ்வளவு ஆர்வமா என்று தலைவர் நெகிழ்ந்துபோனார். எங்கே தோண்டுவது என்று யந்திரக்காரர்கள் கேட்டார்கள். பஷீர் முன்னால் போய்த் தெற்கு ஓரத்தைக் காட்டினான். இருநூறு பேரும் இரண்டு யந்திரமும் அங்கே விழுந்து கடலைப் பார்க்கத் தோண்டினார்கள். லாஞ்சு நின்ற இடத்துக்கும் அவர்கள் தோண்டிய இடத்துக்கும் நல்ல தூரம். ராஜேந்திரன் மட்டும் அதைக் கவனித்து, லாஞ்சு இங்கே அல்லவா இருக்கிறது என்று கத்தினார்.

“மொதல்ல தண்ணி வரட்டும் சார், லாஞ்சு தானா நவுரும்” என்றான் பஷீர், மண்ணை அள்ளிக்கொண்டே.

எல்லம்மா கூடையில் மண் சுமந்தாள். அந்தோணிசாமி ஒரு கையால் கயிறு பிடித்தான். ஜைனம்பு மாலையைக் கழற்றி லாஞ்சின் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டாள். ஐந்தரை மணிக்குக் கடல் ஏறியது. கடைசி மணல்மேட்டைத் தானே உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. லாஞ்சு ஒரு குலுங்கு குலுங்கி எழுந்து, அமைச்சர், தலைவர், மாலை எல்லாவற்றோடும் பின்பக்கமாகவே ஏரிக்குள் போயிற்று. தலைவர் மைக்கைப் பிடித்து, விழா இனிதே நிறைவுற்றது என்று அறிவித்தார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு லாஞ்சு படித்துறையில் இருந்தது.

மறுநாள் விடியலில் புதுத் தண்ணீரோடு எறா உள்ளே வந்தது. வந்தது என்றால், வலையைத் தூக்க முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற கிழவர்கள் காலில் முட்டிற்று. ஹஸ்ரத் லுங்கியை மடித்துக்கொண்டு இறங்கினார், டீக்கடைக்காரர் வடிகட்டியோடு இறங்கினார். ஜைனம்பு பஷீர் படகில் நின்று வலை இழுத்தாள். அன்று ஏரித்தாள் வரவில்லை. கேட்கவும் கரையில் ஆளில்லை.

நான்காம் நாள் மெமோ வந்தது. ‘மேற்படி தேதியில் பத்திரிகை வெளிவராதது ஏன்? உரிய ஆதாரம் இணைக்கப்படாத விளக்கம் ஏற்கப்படாது.’ முகத்துவாரம் திறந்ததற்கு அவள் ஏற்கெனவே மூர்த்தியிடம் சான்று கேட்டிருந்தாள். என்றும் மூடியிராத முகத்துவாரம் திறந்ததாகச் சான்றளிக்க இயலாது என்று பதிலும் அதே தபாலில் வந்தது. ஜைனம்பு அன்றிரவு யோசித்துக் காலையில் எழுதினாள்: ‘முகத்துவாரம் திறந்துகொண்டது. எறா வந்தது. ஊரே ஏரியில் இருந்தது. ஆதாரம் இணைத்துள்ளேன்.’

ஆதாரம் இரண்டு கிலோ. நல்ல பெரிய எறாவாகப் பொறுக்கி, எல்லம்மா நாலு சுற்றுக் காகிதத்தில் மடித்து, அதன்மேல் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வாரியத் தலைவர் அவர்கள் பார்வைக்கு என்று எழுதிப் பழவேற்காடு தபால் ஆபீசில் வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போட்டாள். சனிக்கிழமை சென்னை போய்ச் சேர்ந்தது. தலைவர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தலைவர் பார்வைக்கு என்று எழுதியதை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதால் அவர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஆளில்லாத அறைக்கு ஏசி எதற்கு என்று சிக்கனம் கருதி அணைத்துவிட்டார்கள். அக்கினி நட்சத்திரம் ஆரம்பமாகியிருந்தது.

புதன்கிழமை தலைவர் திரும்பிக் கதவைத் திறந்தார்.

வாரியத்தின் வரலாற்றிலேயே ஒரு செய்தி உடனுக்குடன் சரிபார்க்கப்பட்டது அன்றுதான். தலைவர் நேரில் சான்றளித்தார். அவரை வெளியே தூக்கி வந்த பியூன்கள் சான்றளித்தார்கள். மாடிப்படி வழியாக அது இறங்க இறங்கக் கணக்குப் பிரிவு, படிவப் பிரிவு, விதிப் பிரிவு என்று மூன்று மாடியும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நின்று சான்றளித்தன. அலுவலகத்தை ஆறு நாள் மூடி வைத்துக் கழுவினார்கள்.

அங்கே கழுவிக்கொண்டிருந்தபோது, முன்பே தபாலில் சேர்த்திருந்த நினைவூட்டு மெமோ ஒன்று ஜைனம்புவுக்கு வந்து சேர்ந்தது. முதல் விளக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பஷீரிடம் சொல்லி இந்தத் தடவை நண்டு எடுத்துவரச் சொன்னாள். பானையில் நிரப்பி வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது ராஜேந்திரன் ஜீப்பில் புழுதி பறக்க வந்து இறங்கினார். பானையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கி நின்று, கையை மட்டும் நீட்டி உத்தரவைக் கொடுத்தார். ஏரித்தாள் இனி எந்தச் செய்திக்கும் சான்று பெற வேண்டியதில்லை என்றும், ஆதாரம் அனுப்ப வேண்டியதில்லை என்றும், எக்காரணம் கொண்டும் அனுப்பவே கூடாது என்றும் எழுதி, அதில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஜைனம்பு அதை இரண்டு முறை படித்தாள். பிறகு துணியை அவிழ்த்துவிட்டு, நண்டை அன்று மத்தியானமே குழம்பு வைத்தாள். ராஜேந்திரனையும் உட்காரவைத்துப் போட்டாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.